நாகசாகியின் வைத்தியர்

கல்பாக்கத்து அணு மின்சார நிலையத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 65 கிலோ மீட்டர் தூரம். விழுப்புரத்திற்குச் சுமார் 100 கிலோ மீட்டர். வாசகர்களைக் கலவரப்படுத்தும் நோக்கத்துடன் நாம் இந்தக் கணக்கை எடுத்துக் கூறவில்லை. அந்நிலையத்தின் முதல் உலை 1984-ஆம் வருஷத்திலும், இரண்டாவது உலை 1986-ஆம் வருஷத்திலும் வர்த்தக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கின. அன்று முதல் இன்று வரை வெளியூர் ஜனங்களைப் பாதிக்கும் பெருவிபத்து எதுவும் அங்கே நேரவில்லை. இனியும் நேராதிருக்க வேண்டும் என்பதே நமது பிரார்த்தனை. ஆனால் பிரார்த்தனை வேறு, முன்யோசனை வேறு. கண்ணுக்குத் தெரியாத கிரணங்களால் தாக்கப்பட்ட ஒருவனை ஓர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு வந்து இறக்கினால், அங்குள்ள வைத்தியர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை எழுதி வைத்துப் போன ஒருவரின் சரித்திரத்தை இன்று நமது வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் ஜப்பான் தேசத்து நாகசாகி நகரின் கிரண வைத்திய நிபுணர் டாக்டர் தகாஷி நாகாய்.

நாகாய் 1908-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 3-ஆம் தேதி மாட்சுவே என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனாரும் வைத்தியரே. 1928-இல் நாகசாகி வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து 1932-இல் பட்டம் பெற்றார். அந்தச் சமயத்தில் கண்ட ஒரு கொடிய வியாதி அவருடைய வலது காதின் கேள்வியைப் பறித்துக் கொண்டது. காது மந்தமானவன் மார்பொலிக் குழாயை வைத்துக் கொண்டு நெஞ்சின் ஓசையைச் சோதிப்பது எங்ஙனம்? ஆகவே அவர் எக்ஸ்ரே இலாகாவுக்குத் திருப்பி விடப்பட்டார். அக்காலத்தில் அந்த இலாகாவை நாடிச் சென்றவர் சிலரே. ரேடியத்தைக் கண்டுபிடித்த கியூரி அம்மையார் 1934-இல் இரத்தம் வற்றும் வியாதியால் காலமானதும், அதற்கு அவர் ஆயுள் முழுவதும் கையாண்ட கிரணங்களே காரணமெனக் கருதப்பட்டதும் உலகமறிந்த செய்தி. நாகாய் பிரவேசித்த துறை அத்தகையது.

மாணவராயிருந்த நாளில் அவர் உரகாமி என்னும் பகுதியில் மோரியாமா குடும்பத்தார் வீட்டில் தங்கியிருந்தார். பல தலைமுறைகளாகத் தங்கள் கிறிஸ்தவ மதத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றி வந்த வம்சத்தினர் அவர்கள். 1934-இல் நாகாயும் அம்மதத்தைத் தழுவி, அவ்வீட்டுப் பெண்ணான மிதோரியை மணந்தார். ராணுவ வைத்தியராக மஞ்சூரியாவுக்கும், பிறகு 1937 முதல் 1940 வரை சீனத்துப் போர்முனைக்கும் சென்று திரும்பினார். ஜப்பானிய ராணுவம் சீனத்தில் நடத்திய யுத்தத்தைப் பற்றி நமக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை. போர்க்களத்திலே காயம்பட்டவர்களைக் குறைந்த சாதனங்களைக் கொண்டு கவனிக்கும் பழக்கம் அவருக்கு அங்கே உண்டாயிற்று என்பதை மட்டும் குறிப்பிடுவோம்.

ஊர் திரும்பிய பின் அவருக்குக் கிடைத்த வேலை க்ஷயரோகச் சோதனை. யுத்தம் முற்ற முற்ற எக்ஸ்ரே படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. படம் எடுத்துப் பார்க்க வழியில்லாமல், நோயாளியைக் கிரணத்தின் முன் நிறுத்தி, ஒளித்திரையிலே நேருக்கு நேராகப் பார்த்து நோயைக் கண்டறிய வேண்டியதாயிற்று. தினந்தோறும் கணக்கற்ற நோயாளிகள். ஒவ்வொருவரைப் பார்க்கும்போதும் வைத்தியர் உடம்பிலும் சிறிது கிரணம் ஏறும். 1945 ஜூன் மாதத்தில் அவருக்கு இரத்தப் புற்று நோய் என்று தீர்மானமாயிற்று. இன்னும் சுமார் மூன்று வருஷமே ஆயுள் என்று சக வைத்தியர்கள் கணித்தனர். கிரணத்தின் கொடுமையை அணுகுண்டு விழுவதற்கு முன்னரே தம் உடம்பிலே அறிந்திருந்தவர் நாகாய் என்பதை நமது வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி முற்பகல் 11 மணி 2 நிமிஷத்திற்கு நாகசாகியின் மீது அமெரிக்கர் எறிந்த அணுகுண்டு உரகாமிக்கு மேலே வெடித்தது. அவ்வருஷ முடிவுக்குள் இறந்தவர் தொகை சுமார் 70,000. வைத்தியக் கலாசாலை ஆஸ்பத்திரி வெடித்த இடத்திலிருந்து சுமார் 700 மீட்டர் தூரத்திலிருந்தது. ஆசிரியர், மாணவர், தாதிகள் என்று அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களில் 800-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கான்க்ரீட் சுவருக்குள் இருந்தபடியால் நாகாய் உயிர் தப்பினார். ஆனால் உடைந்த கண்ணாடித் துண்டுகள் அவருடைய வலப்பக்கம் முழுவதும் பாய்ந்தன. நெற்றிப் பொட்டு இரத்தக் குழாய் அறுந்தது. கட்டுத் துணியை அழுத்திக் கட்டிக்கொண்டு, எஞ்சியிருந்த தாதிகளையும் மாணவர்களையும் சேர்த்து, நெருப்புப் பரவுவதற்கு முன் நோயாளிகளைக் குன்றின் மேலே தூக்கிச் செல்லும் வேலையில் அவர் இறங்கினார். மருந்தில்லை; கருவிகள் இல்லை; இருந்தவை கைகளும் தண்ணீருமே.

இரண்டு நாள் கழித்தே அவர் தம் வீட்டைத் தேடிப் போனார். வீடு இருந்த இடத்தில் சாம்பலும், மனைவியின் கருகிய எலும்புகளும், அவற்றின் அருகே அவளுடைய ஜபமாலையுமே கிடந்தன. குழந்தைகள் இருவரும் பாட்டியுடன் வெளியூரில் இருந்தமையால் பிழைத்தனர். மனைவியின் எலும்புகளைச் சேகரித்து அடக்கம் செய்துவிட்டு, மறுபடியும் தம் கூட்டத்தாருடன் கிளம்பினார். மிட்சுயாமா என்னும் மலைக் கிராமத்தில் ஒரு வைத்திய நிலையம் ஏற்படுத்தி, ஏறத்தாழ இரண்டு மாத காலம் கிராமம் கிராமமாக நடந்து சென்று சிகிச்சை செய்தனர்.

அங்கேதான் இந்தப் புதிய வியாதியின் உருவம் அவர்களுக்குத் தென்பட்டது. தீக்காயம் பட்டவனும் எலும்பு முறிந்தவனும் வைத்தியருக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் நடந்து வந்தவன், முதல் நாள் வாந்தி எடுத்தான். பிறகு சில நாள் சுகமாயிருந்தான். இரண்டு மூன்று வாரங்களில் அவன் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஈறுகளில் இரத்தம் கசிந்தது. தோலில் ஊதாப் புள்ளிகள் தோன்றின. ஜுரம் கண்டு மாண்டான். நாகாய் தாம் கண்ட நோயாளிகளின் குறிகளையும், அவை தோன்றிய காலக்கிரமத்தையும், செய்த சிகிச்சையையும், அதன் பலனையும் ஒன்று விடாமல் எழுதிக் கலாசாலைத் தலைவருக்கு ஓர் அறிக்கையாகச் சமர்ப்பித்தார். செப்டம்பரில் தாமே மரணத்தின் வாயிலுக்குச் சென்று மீண்ட மனிதர் எழுதிய அறிக்கை அது.

அவ்வறிக்கை எழுதப்பட்ட நாளில் புரியாதிருந்த பல விஷயங்கள் இன்று தெளிவாகியிருக்கின்றன. ஊடுருவும் கிரணங்கள் உடம்பில் வேகமாகப் பெருகும் அணுக்களையே முதலில் அழிக்கின்றன. எலும்பு மஜ்ஜை கெட்டால் புதிய இரத்தம் ஊறுவதில்லை. வெள்ளணுக்கள் குறைவதால் சாதாரணக் கிருமியும் கொல்லும். இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைவதால் எங்கும் கசிவு உண்டாகும். இடையில் சுகம்போல் தோன்றும் நாட்கள், பழைய இரத்தம் தீரும் வரை கிடைக்கும் தவணையே. கிரணத்தின் அளவைக் கிரே என்னும் அலகால் கணக்கிடுகின்றனர். சிகிச்சையின்றி விடப்பட்டால் ஏறத்தாழ 4 கிரே பெற்றவர்களில் பாதிப்பேர் இறந்துவிடுவர். தக்க சிகிச்சை கிடைத்தால் அவர்களிற் பலர் பிழைப்பர். வாந்தி எவ்வளவு சீக்கிரத்தில் வந்தது என்பதும், முதல் இரண்டு நாட்களில் இரத்தத்திலுள்ள நிணநீர் வெள்ளணுக்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதும் பட்ட அளவை ஊகிக்க உதவும். இதற்குக் கடிகாரமும், காகிதமும், சாதாரண இரத்தப் பரிசோதனைச் சாலையுமே போதும். நாகாய் மலைக் கிராமத்தில் குறித்து வைத்த அதே குறிகள் இன்றும் வைத்தியருக்கு முதல் வழிகாட்டி.

நிற்க. நாகாயின் சரித்திரத்தில் நமது அரசியல் அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாகம் இனிமேல்தான் வருகிறது. 1945 செப்டம்பரில் அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் ஜப்பானியப் பத்திரிகைகளுக்கு ஒரு வாய்ப்பூட்டு விதித்தனர். அணுகுண்டு நோய் பற்றிய செய்திகளும் வைத்தியக் கட்டுரைகளும் அந்தப் பூட்டுக்குள் அகப்பட்டன. ஓர் ஊர் வைத்தியர் கண்டறிந்ததை மற்றோர் ஊர் வைத்தியர் அறிந்துகொள்வது அரிதாயிற்று. நாகாய் 1946-இல் எழுதி முடித்த நாகசாகியின் மணிகள் என்னும் நூல் 1949 ஜனவரியில்தான் வெளிவர முடிந்தது. அதுவும், மணிலாவில் ஜப்பானியப் படைகள் செய்த கொடுமைகளைப் பற்றிய ஓர் அனுபந்தத்தைச் சேர்த்து அச்சிட வேண்டும் என்னும் நிபந்தனையின் பேரில். 1947-இல் அமெரிக்கர் ஏற்படுத்திய ஆராய்ச்சிக் கமிஷன் பாதிக்கப்பட்டவர்களைப் பரிசோதித்ததேயன்றிச் சிகிச்சை செய்வதைத் தன் கடமையாகக் கொள்ளவில்லை. அணுகுண்டால் நோயுற்றவர்களுக்கு வைத்திய உதவி அளிக்கும் சட்டத்தை ஜப்பானியப் பார்லிமெண்டு இயற்றியது 1957-இல். குண்டு விழுந்து 12 வருஷங்களுக்குப் பின். மறைக்கப்பட்ட நோய்க்கு மருந்து தாமதமாகவே வரும் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு சாட்சியம் வேண்டுமா?

வாய்ப்பூட்டு ஒருபுறமிருக்க, வதந்தி மறுபுறம் பரவிற்று. உரகாமியில் 75 வருஷங்களுக்கு உயிர் எதுவும் வாழாது என்று ஜனங்கள் பேசிக்கொண்டனர். நாகாய் அதை நம்பவும் இல்லை, வெறுமனே மறுக்கவும் இல்லை, போய்ப் பார்த்தார். சில வாரங்களில் அந்த மண்ணில் எறும்புகள் ஊர்வதையும், பிறகு மண்புழுக்கள் நெளிவதையும் கண்டார். கிரணத்தின் மீதம் குறைந்து வருகிறதென்று தேர்ந்து, தாமே அங்கு குடிசை போட்டுக் குடியேறினார். சர்க்கார் மௌனம் சாதிக்கும் இடத்தில் வதந்தி ராஜ்யம் செய்யும். இரண்டையும் வெல்வது அளந்து பார்த்துச் சொல்லும் உண்மை ஒன்றே.

1946-இல் அவர் பேராசிரியரானார். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் நாகசாகி ரயில் நிலையத்தருகே மயங்கி விழுந்தார். அதன் பின் படுக்கையை விட்டு எழுந்ததில்லை. 1948-இல் அவ்வூர்த் தச்சர்கள் இரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள ஒரு சிறு குடிலை அவருக்குக் கட்டிக் கொடுத்தனர். அங்கே படுத்தபடியே பல நூல்களை எழுதினார். அவற்றால் வந்த பொருளைக் கொண்டு உரகாமியில் 1,000 செர்ரி மரக் கன்றுகளை நடுவித்தார். குழந்தைகளுக்கு ஒரு சிறு புத்தகசாலை ஏற்படுத்தினார். கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1948-இல் அக்குடிலைத் தேடி வந்தார்; ஜப்பானியச் சக்கரவர்த்தியும் 1949-இல் அவரைச் சந்தித்தார். 1951 மே மாதம் 1-ஆம் தேதி, தம் 43-வது வயதில், தாம் பணிபுரிந்த கலாசாலையின் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். இரத்தப் புற்று நோயின் முடிவைப் பிற்கால வைத்தியர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று தம் உடலையும் பரிசோதனைக்கு அளித்திருந்தார். தம்மையே கடைசிப் பாடமாக மாணவர்களுக்கு விட்டுச் சென்ற ஆசிரியர் அவர்.

அவரிடத்தில் நாம் ஒப்புக்கொள்ள முடியாத விஷயமும் ஒன்றுண்டு. நாகசாகியின் அழிவைக் கடவுளுக்குச் செலுத்தப்பட்ட பலியாகவே அவர் கருதினார். துக்கத்தில் ஆழ்ந்த ஜனங்களுக்கு அந்த எண்ணம் ஆறுதல் அளித்திருக்கலாம். ஆனால் யுத்தத்தைத் தொடங்கியவரும் குண்டை எறிந்தவரும் மனிதர்களே. மனிதர் செய்ததைத் தெய்வத்தின் பேரில் ஏற்றிவிட்டால் பொறுப்புக் கேட்பதற்கு ஆளில்லாமற் போகும். ஜப்பானிலேயே பின்வந்தோர் பலர் இக்குறையை எடுத்துக் காட்டியிருக்கின்றனர். நாகாயின் வைத்தியத்தை நாம் பின்பற்றுவோம்; பொறுப்பு விஷயத்தில் சட்டம் படித்த நமது அபிப்பிராயம் வேறு.

அவர் காலத்திற்குப் பின் உலகம் கண்ட விபத்துக்கள் அவருடைய பாடத்தையே திரும்பத் திரும்பப் போதித்திருக்கின்றன. 1986-இல் சோவியத் நாட்டுச் செர்னோபில் உலை வெடித்தபோது 134 பேருக்குக் கடுமையான கிரண நோய் உறுதிப்பட்டது. அவர்களில் 28 பேர் அவ்வருஷமே இறந்தனர். 13 பேருக்குப் பிறர் எலும்பு மஜ்ஜையை மாற்றிச் செலுத்தியும் பெரும்பலன் விளையவில்லை. கிருமி அண்டாத தனியறை, தகுந்த மருந்துகள், தட்டணு இரத்தம், பொறுமையான தாதித்தனம் இவையே பெரும்பாலும் உயிர் காத்தன. மஜ்ஜையை ஊக்கும் மருந்துகள் பின்னர் வந்து சேர்ந்திருக்கின்றன. விபத்தின் செய்தி பலநாள் மறைக்கப்பட்டது. கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடையே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குக் கழுத்துச் சுரப்பியில் புற்று நோய் கண்டது. அண்டை நாடான போலந்திலோ ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சில தினங்களுக்குள் அயோடின் மருந்து கொடுத்து முடித்தனர். 2011-இல் ஜப்பானின் புகுஷிமாவில் கடுங்கிரண நோயால் எவரும் இறக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிகளிலிருந்து முன்னேற்பாடின்றி அவசரமாக அப்புறப்படுத்தப்பட்ட வயோதிக நோயாளிகள் பலர் வழியிலேயே மாண்டனர். அச்சமும் ஒழுங்கின்மையும் கிரணத்தைப் போலவே கொல்லும்.

நம் தேசத்திலும் இதற்கு உதாரணம் இல்லாமற் போகவில்லை. 2010-இல் டில்லி சர்வகலாசாலை ஏலத்தில் விற்ற பழைய கருவி ஒன்று மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதனுள் கதிரியக்கக் கோபால்ட் இருந்ததை அங்கே எவரும் அறியார். உடைத்தவர்களின் தோல் கறுத்தது, மயிர் உதிர்ந்தது, ஒருவர் இறந்தார், வேறு பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தனர். நோய் கிரணத்தால் வந்ததாயிருக்கலாம் என்று ஒரு வைத்தியர் சந்தேகித்த பிறகே அதிகாரிகளுக்கு விஷயம் எட்டியது. கல்பாக்கத்திலேயே, 2003 ஜனவரி 21-ஆம் தேதி அணு எரிபொருள் மறுசுத்தி ஆலையில் ஊழியர் ஆறு பேருக்கு விதித்த எல்லைக்கு மேற்பட்ட கிரணம் தாக்கிற்று. அச்செய்தி பொதுஜனங்களுக்கு வெளியானது பல மாதங்களுக்குப் பின்னரே. அவர்களுக்கு உயிராபத்து நேரவில்லை என்பது ஆறுதல். ஆனால் மௌனம் நல்ல வழக்கமன்று.

இனி விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் கவனிப்போம். நமது தேசத்து அணு நிலையங்களுக்கு அவசரத் திட்டம் வகுக்கையில் 16 கிலோ மீட்டர் சுற்று எல்லையை வைத்துக் கொள்வது வழக்கமாயிருந்து வந்தது. இவ்விரு ஊர்களும் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பயந்து புறப்படும் ஜனம் வரைபடத்துக் கோட்டைப் பார்த்து நிற்குமா? திருச்சிச் சாலையும், புதுச்சேரிச் சாலையும், திருவண்ணாமலைச் சாலையும் கூடுமிடம் திண்டிவனம். பல திக்கு ரயில் பாதைகள் கூடுமிடம் விழுப்புரம். தெற்கு நோக்கி வருவோரில் பலர் இவ்வூர்களையே முதலில் அடைவர். அணு நிலையத்தை விட்டுவிட்டாலும், பழைய இரும்புக் கடை இல்லாத ஊர் எது? மாயாபுரி நேர்ந்தது அணு நிலையத்தின் அருகில் அன்று.

ஆகையால் நாம் கோருவது இதுவே. முண்டியம்பாக்கம் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், திண்டிவனம், மரக்காணம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் உள்ள வைத்தியருக்கும் தாதிகளுக்கும் சில எளிய உண்மைகள் மனப்பாடமாயிருக்க வேண்டும். கிரணம் ஊடுருவிச் சென்றவன் தொத்து நோயாளி அல்லன். அவனைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. கதிரியக்கத் தூசி படிந்தவனுக்கு மேல் உடையைக் களைவதாலேயே பெரும்பகுதித் தூசி நீங்கும். சோப்பும் தண்ணீரும் மீதியைப் போக்கும். உயிருக்கு ஆபத்தான காயம் இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். தூசி காத்திருக்கும், இரத்தப் போக்குக் காத்திராது. வாந்தி எடுத்த நேரத்தைக் குறிக்க வேண்டும். இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். கிரணம் அளக்கும் கருவி ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் இருந்து வேலை செய்ய வேண்டும். அயோடின் மாத்திரை எங்கே இருக்கிறது, யார் உத்தரவின் பேரில் யாருக்குக் கொடுக்கப்படும் என்பதை ஊரார் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஒத்திகை நடந்தால் அதில் கண்ட குறைகளைத் தமிழிலே அச்சிட்டு வெளியிட வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரும் பொருள் செலவாகும் காரியமன்று. ராஜ்ய ரகசியம் என்று சொல்லி மறுக்கத் தக்கதும் அன்று. வியாதிக்குச் செய்யும் சிகிச்சையில் என்ன ரகசியம் இருக்கிறது? நமது அரசியல் ஊழியர்கள் நகரசபைகளிலும் கிராம சபைகளிலும் இந்தக் கேள்விகளை எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெறட்டும். அணு சக்தி வேண்டுமென்போரும் வேண்டாமென்போரும் இந்த ஒரு விஷயத்தில் கை கோத்து நிற்கலாம். அறுந்த இரத்தக் குழாயைத் துணியால் அழுத்திக்கொண்டு, கருவியும் மருந்தும் இல்லாத நிலையில், கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார் நாகாய். கருவியும் மருந்தும் சுயராஜ்யமும் உடைய நாம் அதிலும் குறைவாகச் செய்வது நியாயமாகாது.